முகம் தெரியும் உயரம்

மாநகராட்சியின் கொள்முதல் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்த அந்த அம்மாளுக்கு அலுவலகம் வைத்த பெயர் மூணுவிலை. எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து, அப்புறம்தான் வாங்க வேண்டும் என்பது அலுவலக விதி. மற்றவர்கள் அந்த விதியை மாலையில் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவள் அதையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிறவள். ஒரு கட்டுக் கீரைக்கு மூன்று கடை ஏறி இறங்குவாள். பல்வலிக்கு மூன்று டாக்டர்களிடம் விசாரித்து முடிப்பதற்குள் பல்லே தானாக விழுந்துவிட்டது என்று அவள் கணவர் சொல்வதுண்டு. அதில் பாதியாவது உண்மையாக இருக்கும்.

சாமான் சப்ளை செய்கிறவர்களிடம் இத்தனை வருடத்தில் அவள் ஒரு வாய் தேநீர் வாங்கிக் குடித்ததில்லை. கையெழுத்துப் போட யாராவது பேனா நீட்டினால், போட்ட கையோடு திருப்பிக் கொடுத்து, "குடுத்துட்டேன், பாத்துக்கோங்க" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்வாள். தன் மேல் ஒரு சொல் வந்துவிடக் கூடாது. அவளுடைய பயம், பெருமை, நோய் எல்லாம் அந்த ஒன்றுதான்.

அப்படிப்பட்டவளின் மேஜைக்கு அந்த வருடம் ஒரு ஃபைல் வந்தது. வண்டியில் போகிறவர்களுக்கு எவ்வளவோ செய்தாயிற்று, நடந்து போகிறவர்களுக்கும் ஏதாவது செய்தால் என்ன என்று மாமன்றத்தில் யாருக்கோ ஞானோதயம் வந்திருந்தது. முதலில் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, நடைபாதையைச் செப்பனிட்டு, தெருவிளக்குப் போட்டுப் பார்ப்பது. சரியாக வந்தால் மற்றத் தெருக்களுக்கும் செய்வது. கம்பம், விளக்கு, விளக்கை மாட்டும் கை, கேபிள் எல்லாம் வாங்கித் தர வேண்டியது கொள்முதல் பிரிவு. எந்தத் தெரு என்று படித்துப் பார்த்ததும் மூணுவிலை ஃபைலை மூடி வைத்தாள். புங்கமரத் தெரு. அவளுடைய தங்கை தையல் கடை வைத்திருக்கும் தெரு.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே தங்கைக்கு போன் போட்டிருப்பார்கள். ஏனென்றால் அந்தக் கடை உயிரை விட்டுக்கொண்டிருந்தது. தங்கையிடம் துணி தைக்கக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகும் பெண்கள். அவர்களுக்கு வேலை முடிந்து, பஸ் பிடித்து, இறங்கி வருவதற்குள் இருட்டிவிடும். தெருவின் இரண்டு பக்கமும் புங்கமரங்கள் கையோடு கை கோத்து நிற்கும். பகலில் அமிர்தமான நிழல், பொழுது சாய்ந்தால் கண்ணைக் கட்டி விட்டது போல இருக்கும். போன வருடம் ஒரு பெண்ணின் பின்னாலேயே எவனோ நடந்து வந்தான். முகம் தெரியவில்லை. அந்தப் பெண் ஓடி வந்து கடைக்குள் புகுந்தவள், அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. கதை பரவியது. ஒவ்வொருத்தியாக நின்று போனார்கள். தங்கையும் விளக்கு வைக்கும் நேரத்துக்கே ஷட்டரை இறக்க ஆரம்பித்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் ஆள் வரத்து கூடாவிட்டால் கடையைக் காலி செய்துவிடுகிறேன் என்று கட்டடக்காரரிடம் சொல்லியும் ஆயிற்று. அவர் ஒரு பெயிண்ட் வியாபாரியைக் கூட்டி வந்து கடையை உள்ளே வெளியே காட்டிவிட்டுப் போனார். கடை போனால் தங்கைக்கு இருந்த ஒரே வழி ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. அங்கே காலர் தைப்பவள் காலர் மட்டும்தான் தைப்பாள். முழுச் சட்டையைக் கண்ணால் பார்க்கக்கூட மாட்டாள். ஓர் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோள் எவ்வளவு, கை எவ்வளவு என்று சொல்லிவிடும் தங்கைக்கு அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

இதெல்லாம் மூணுவிலைக்குத் தெரியும். தெரிந்துதான் வேறு விதமாக நடந்துகொண்டாள். தங்கச்சி கடைக்கு விளக்கு வாங்கிக்கிட்டா என்று யாராவது சொல்லிவிட்டால்? வாங்குவதற்கு முன்னால் இன்ஜினியரோடு போய்த் தெருவைப் பார்க்க வேண்டும் என்று விதி இருந்தது. போனால் தங்கை கடை வாசலில் நிற்க வேண்டி வரும். அவள் உட்காரச் சொல்வாள், தேநீர் வரவழைப்பாள், அதை நாலு பேர் பார்ப்பார்கள். போகவே வேண்டாம் என்று முடிவு செய்தாள். பஸ் நிலையச் சாலைக்காக முன்பு வாங்கிய விளக்குகளின் ஆர்டரை எடுத்தாள். யாரும் குறை சொல்லாத ஆர்டர். அதையே வரிக்கு வரி எழுதி, தெருவின் பெயரை மட்டும் மாற்றினாள். வர வேண்டாம் என்று அவள் சொல்லிவிட, இன்ஜினியரும் ஜீப் ஏறாமலே ஒரு வேலை முடிந்ததில் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டார். விலை மட்டும் மூன்று இடத்தில் கேட்டாள், நாலாவதாகவும் ஓர் இடத்தில் கேட்டாள்.

அத்தனை மாதமும் தங்கை கடைப் பக்கம் அவள் தலை வைத்துப் படுக்கவில்லை. தெருவுக்கு விளக்கு வரப்போகிறது என்பதே தங்கைக்கு மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது.

"எங்க அக்கா நேர்மையா இருப்பா, அதுக்கு நான் வாடகை கட்டணும்" என்று அவள் வந்தவர் போனவரிடம் எல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்புக்குள் கோபம் இருந்தது. சிரிப்பும் கோபமும் மூணுவிலையின் காதுக்கு வந்து சேர்ந்தன.

கம்பங்கள் வந்து கிடங்கில் இறங்கின. முதல் கம்பத்தைத் தெருவின் பாதித் தூரத்தில், நடைபாதை ஓரமாக நட்டு, எரியவிட்டுப் பார்க்க ஒரு மாலை நேரத்தைக் குறித்தார்கள். சரியாக இருக்கிறது என்று கொள்முதல் பிரிவு கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் அன்றைக்கு மூணுவிலைக்குத் தப்ப வழியில்லை. தெருக்காரர்கள் எல்லாம் வாசலில் நின்றார்கள். ஏணி என்று பெயர் வாங்கிய லைன்மேன், ஏணியே வேண்டாத அளவுக்கு உயரமான மனிதர், சுவிட்சைப் போட்டார்.

பளீரென்று எரிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"அடேயப்பா, என்னா வெளிச்சம்" என்றார் ஒருவர். கைதட்டினார்கள். இன்ஜினியர் தான் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல விளக்கைப் பார்த்தார். மூணுவிலையும் தலையைத் தூக்கி, குறை சொல்ல ஒன்றுமில்லை என்று திருப்திப்பட்டாள். பிறகு, வந்தது வந்தோம், ஒரு நடை நடந்து பார்த்துவிடலாம் என்று நடைபாதையில் இறங்கினாள்.

ஐந்தாறு தப்படி வைத்ததும் இருட்டு. அண்ணாந்து பார்த்தாள். இரண்டு மாடி உயரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கும் அவளுக்கும் நடுவே புங்கமரத்தின் கிளைகள் கூரை போட்டிருந்தன. மரத்தின் உச்சி இலைகள் ஒவ்வொன்றும் தங்கம் போல மின்னின. அவள் காலடி அவளுக்கே தெரியவில்லை. காக்கைகளுக்குத்தான் வெளிச்சம் வாங்கித் தந்திருக்கிறோம் என்று புரிந்த அதே நேரத்தில், எதிரே யாரோ வருவது தெரிந்தது. ஆள் தெரிந்தது, முகம் தெரியவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"யாரது?" என்றாள்.

"நான்தான்கா."

கூடப் பிறந்தவள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள், அவளைக் குரலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மூணுவிலைக்கு அழுகை வந்தது. இருட்டில் அதுவும் தெரியவில்லை.

"நீ வந்து பாக்கவே இல்லையாக்கா?" என்று தங்கை கேட்டாள். கேலி செய்யவில்லை, கத்தவும் இல்லை. "ஒரு தடவை வந்திருந்தா மரம் கண்ணுல பட்டிருக்குமே. நீதானே பத்து ரூபாச் சாமானைக்கூட பத்துத் தடவை திருப்பித் திருப்பிப் பாப்பே."

அதற்குள் இன்ஜினியர் வந்து சேர்ந்தார். எதையும் வெட்டிச் சரி செய்துவிடலாம் என்று நம்புகிறவர் அவர். "இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல மேடம். கிளையெல்லாம் கழிச்சுட்டா வெளிச்சம் தரைக்கு இறங்கிடும். தேவைப்பட்டா மரத்தையே எடுத்துடலாம்."

"சார், பகல்ல இந்த நிழல்ல நாலு பேர் வந்து உக்கார்றதாலதான் என் கடை இன்னிக்கு வரைக்கும் இருக்கு" என்றாள் தங்கை. "ராத்திரி வெளிச்சத்துக்குப் பகல் நிழலை விலையா கேக்கறீங்க. கட்டுப்படி ஆகாது."

தெருக்காரர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேச ஆரம்பித்தார்கள். மூணுவிலை எந்தக் கட்சியிலும் சேராமல், கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை கமிஷனர் அறைக்கு முன்னால் நின்றவளை, உள்ளே போக விடாமல் அவளுடைய கால்களே கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்தன. பேசாமல் இருந்துவிடலாம். மரத்தைக் கழித்துவிட்டால் ஃபைலில் ஒரு தப்பும் இருக்காது. விலை சரி, கையெழுத்து சரி, சாமான் சரி. இருட்டில் அவள் தங்கையைப் பார்த்து யாரது என்று கேட்டது எந்த ஃபைலிலும் வராது. அந்தக் கேள்விதான் கடைசியில் அவளை உள்ளே தள்ளியது.

"சார், புங்கமரத் தெருவுக்கு ரெண்டு மாடி உயரத்துக்குக் கம்பம் வாங்கிட்டேன். ஒரு மாடி உயரந்தான் வேணும். நான் போய்ப் பாக்கல. பழைய ஆர்டரை அப்படியே எழுதிட்டேன். இன்ஜினியர் மேல தப்பில்ல, நான்தான் வர வேணாம்னு சொன்னேன்."

கமிஷனர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா? நீங்க போய்ப் பாக்கலையா? ஏன்?"

"என் தங்கச்சி கடை அங்க இருக்கு சார். யாராவது ஏதாவது சொல்லிடுவாங்கன்னு..."

சிரிப்பதா கோபப்படுவதா என்று அவர் யோசிப்பது போலிருந்தது. "உங்க தங்கச்சி கடை இருக்குன்னா நீங்கதாம்மா முதல் ஆளாப் போயிருக்கணும். அந்தத் தெருவுல நடக்கறவங்களுக்கு என்ன வேணும்னு அந்தம்மாவை விட யாரு சொல்லியிருப்பா? உங்க பேரு கெடாம இருக்கணும்னு ஒரு தெருவையே பாக்காம விட்டுட்டீங்க."

மூணுவிலை தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள். காது சூடானது.

"திரும்ப டெண்டர் போட்டா எப்ப சாமான் வரும்?"

"மழைக்காலம் முடிஞ்சிடும் சார்."

"அதெல்லாம் ஆகாது. இருக்கறதை வெச்சு வழி பண்ணுங்க. மரத்துல கை வெக்கக் கூடாது. உங்க மேல நடவடிக்கை உண்டு, அது தனியா வரும். விளக்கு தனி, அது தனி. போங்க."

வெளியே வந்ததும் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது. குடித்தாள். ஆச்சரியமாக, மனசும் கொஞ்சம் லேசாகியிருந்தது.

கிடங்கில் அந்தக் கம்பங்கள் வரிசையாகப் படுத்திருந்தன. இன்ஜினியர், ஏணி, மூணுவிலை மூன்று பேரும் அவற்றின் மேலேயே உட்கார்ந்து பேசினார்கள். கம்பத்தை அறுத்துவிடலாம் என்றார் இன்ஜினியர். அவருக்கு மரம் கிடைக்காவிட்டால் கம்பம். அறுத்தால் மேல் பக்கம் விளக்கின் கை பொருந்தாது, மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கும் என்று ஏணி சொன்னார். "உச்சியிலதான் விளக்கு மாட்டணும்னு யாரு சார் சொன்னாங்க? கம்பம் பாட்டுக்கு உயரமா நிக்கட்டும். விளக்கை இடுப்புல கட்டுவோம்" என்று அவர் விளையாட்டாகச் சொல்ல, இன்ஜினியர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காகிதத்தில் படம் போட ஆரம்பித்தார். கேபிளை வெளியே எடுக்க நடுவில் துளை போட வேண்டும், துளையில் துரு ஏறாமல் இருக்க ரப்பர் வளையமும் பெயிண்ட்டும் வேண்டும், கையைக் கம்பத்தோடு பிடித்து நிறுத்த நல்ல இரும்புக் கிளாம்ப் வேண்டும் என்று கணக்குப் போட்டார். மனிதருக்கு வேலையில் ருசி வந்துவிட்டால் நன்றாகத்தான் செய்வார்.

"கிளாம்புக்குத்தான் டெண்டர் போடணும்" என்று அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"வேணாம்" என்று மூணுவிலை எழுந்தாள். விளம்பரப் பலகைகளைத் தடை செய்தபோது கம்பங்களிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த கிளாம்புகள் கிடங்கின் பின்பக்கம் ஒரு மூலையில் மலையாகக் கிடந்தன. ஒன்றை எடுத்து வந்து கம்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. மாநகராட்சியின் சாமான், மாநகராட்சியின் கம்பம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு பொருளை ஓர் இடத்தில்கூட விலை கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

இந்தத் தடவை பார்க்கப் போகும்போது அவள்தான் முதல் ஆளாகப் போனாள். வெயில் இருக்கும்போதே போய், தங்கை கடை வாசலில், புங்கமரத்தடியில், நாலு பேர் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீரும் குடித்தாள். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் தோன்றியதாகவே தெரியவில்லை.

இருட்டியதும் விளக்கைப் போட்டார்கள். அது இப்போது கிளைகளுக்குக் கீழே, ஒரு மாடி உயரத்தில் எரிந்தது. மறுபடியும் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். உடனே கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார்கள். கூசியது.

"யாரும் விளக்கைப் பாக்காதீங்க" என்று மூணுவிலை அதட்டினாள். "நாம விளக்கைப் பாக்கறதுக்கா அதை வாங்கினோம்? எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்க. என் தங்கச்சி அந்தக் கோடியிலேருந்து நடந்து வருவா. அவ முகம் எப்ப தெரியுதோ அப்ப சொல்லுங்க."

எல்லோர் காதும் கேட்க என் தங்கச்சி என்று சொல்லிவிட்டது அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது. உறைத்தாலும் குறையொன்றும் தோன்றவில்லை.

தங்கை தெருக் கோடிக்குப் போய்த் திரும்பி நடந்து வந்தாள். விளக்கை நெருங்க நெருங்க அவள் கரிய நிழலாகத்தான் தெரிந்தாள். அத்தனை வெளிச்சத்திலும் முகம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

"வெளிச்சம் பத்தலையோ?" என்றார் ஒருவர்.

"அதிகம்" என்றார் இன்ஜினியர். "பெரிய ரோட்டுக்குன்னு வாங்கினது. கண்ணு கூசினா எதிர்ல வர்ற முகம் எங்க தெரியும்? குறைச்சுப் பாப்போம்." விளக்குக்குள்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருந்தது. இதுவரை யாரும் தொடாத திருகு. ஏணி ஒரு ஸ்டூல் மேல் ஏறி, கையை நீட்டி அதைக் கொஞ்சம் திருகினார். தங்கை மறுபடி கோடிக்குப் போனாள், மறுபடி வந்தாள். விளக்கை ஒரு சாண் இறக்கினார்கள், ஒரு விரல் ஏற்றினார்கள். தங்கை போனாள், வந்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் அவள் பின்னால் ஊர்வலம் போக ஆரம்பித்தார்கள்.

"இன்னும் எத்தனை தடவைக்கா? செருப்பு தேயுது. இதுக்கும் மூணு விலை கேக்கணுமா?" என்று அவள் கோடியிலிருந்தே கத்தினாள்.

"நட, நட" என்றாள் அக்கா.

அடுத்த தடவை அவள் வரும்போது, இரண்டு மரம் தள்ளி வரும்போதே, மூணுவிலைக்கு அந்த முகம் தெரிந்தது. சலித்துக்கொண்டு உதட்டைச் சுழித்திருந்தாள். சின்ன வயதில் எதையாவது செய்யச் சொன்னால் சுழிக்கும் அதே சுழிப்பு. அக்காவின் கண் கலங்கியது.

"இதுதான். இங்கயே முடுக்குங்க" என்றாள் ஏணியிடம்.

மற்றக் கம்பங்களையும் அதே உயரத்தில் விளக்கு மாட்டி நட்டார்கள். பார்க்க விநோதமாகத்தான் இருந்தன. கம்பம் மரத்தையும் தாண்டிப் போக, விளக்கு அதன் இடுப்பில் தொங்கியது. கூஜா தூக்கிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி இருக்கு என்று தெருவில் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அதன் கீழே நடந்தார்கள். சாப்பிட்ட பிறகு காலாற நடக்கிறவர்கள் வந்தார்கள். சைக்கிள் பழகுகிறவர்கள் வந்தார்கள். முதலில் ஒருத்தி, பிறகு இரண்டு பேர் என்று, வேலை விட்டு வரும் பெண்கள் துணிப்பையோடு கடைக்கு வரத் தொடங்கினார்கள். கடைக்கு இன்னும் நல்ல காலம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பெயிண்ட் வியாபாரியிடம் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுங்கள் என்று தங்கை கட்டடக்காரருக்குச் சொல்லி அனுப்பினாள்.

மழை விட்டிருந்த ஒரு நாள் மூணுவிலையின் மேஜைக்கு அந்த மெமோ வந்தது. கவனக்குறைவு என்று போட்டிருந்தது. அந்த வருட சம்பள உயர்வு கிடையாது, பதவி உயர்வும் தள்ளிப் போகும். நியாயம்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மதியச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருடம் ஒரு கறை படாமல் வைத்திருந்த பெயர் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் அன்றைக்கு அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள், கேலிப் பெயர் சொல்லவில்லை. அது இன்னும் வலித்தது.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் கால் போன போக்கில் புங்கமரத் தெருவுக்கு வந்துவிட்டாள். தங்கையிடம் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னால், என் கடைக்காக உனக்கு இப்படி ஆச்சே என்று அழுவாள். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு, சிரித்துப் பேசிவிட்டுப் போய்விட வேண்டும். நனைந்த இலைகளுக்குக் கீழே விளக்குகள் எரிந்தன. நடைபாதையின் ஈரத்தில் அவளுடைய காலடி அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பதற்குத் தயாராக நடந்தாள்.

கடைக்குள் ஒரு பெண்ணுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்த தங்கை, தற்செயலாகத் திரும்பித் தெருவைப் பார்த்தாள். அக்கா இன்னும் இரண்டு மரம் தள்ளித்தான் வந்துகொண்டிருந்தாள். தங்கையின் கை அப்படியே நின்றது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"என்னக்கா ஆச்சு? ஏன் மூஞ்சி அப்படி இருக்கு? மத்தியானம் சாப்பிடலையா?"

மூணுவிலை நின்றாள். "அங்கேருந்தே தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. வா, உள்ள வந்து உக்காந்து சொல்லு."

அவள் தலையைத் தூக்கி விளக்கைப் பார்க்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கண்ணீரைத் துடைக்காமல், மிச்ச தூரத்தையும் நடந்தாள்.